பசிலியாவுக்கு எந்த ஷிஃப்ட்?

வைலாகாசா,
1988 பிப்ரவரி 14

அடி ஓட்டிலியா,

உயிரோடுதான் இருக்கிறேன். நீ சொன்னது போல முதல் வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓருரோவுக்கு ஓடி வந்துவிடவில்லை. ஓடலாம் என்றால் இந்த மலைக்கு லாரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மட்டும்தான் வருகிறது. ஞாயிறு வருவதற்குள் எனக்கு அழுகை அடங்கிவிடுகிறது.

பயிற்சிக் கல்லூரியில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு வகுப்பு, ஒரு கரும்பலகை, நாற்பது நிமிடப் பாடம், அதற்கு நான்கு நிற மையில் பாடக் குறிப்பு. இங்கே இருப்பது ஒரே அறை. அதற்குள் மூன்று வகுப்புகள், முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தைக் காட்டத் திரும்பினால் இரண்டாம் வகுப்பு சண்டை போடுகிறது, மூன்றாம் வகுப்பு ஆட்டைப் பார்க்கப் போய்விடுகிறது. நாம் இரண்டு மாதம் உட்கார்ந்து வெட்டித் தைத்தோமே துணிப்படங்கள், அவற்றை வெயிலில் காய வைத்திருந்தேன். பசுமாட்டையும் பப்பாளியையும் ஒரு ஆடு தின்றுவிட்டது. தின்ற ஆடு நன்றாகத்தான் இருக்கிறது.

வகுப்பில் ஸ்பானிஷ் மட்டும்தான் பேச வேண்டும் என்று கல்லூரியில் அடித்துச் சொல்லி அனுப்பினார்களா? இரண்டு நாள் பேசினேன். பிள்ளைகள் சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்னது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது. என்னை அறியாமல் எங்கள் வீட்டு கெச்சுவாவில் "ஒண்ணுமில்லடா கண்ணு" என்றேன். அறை முழுக்க வாயைப் பிளந்தது. "டேய், டீச்சருக்கு நம்ம பேச்சு தெரியுதுடா!" என்று கத்தினார்கள். அன்றைக்குத்தான் எனக்கு வேலை ஆரம்பித்தது.

ஊர்க்கூட்டத்தில் என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆகஸ்ட் ஆறாந்தேதி சுதந்திர தின அணிவகுப்புக்குப் புள்ளைங்கள ஒழுங்கா நடக்க வைப்பியா?" அவ்வளவுதான். எழுதப் படிக்க வைப்பாயா என்று யாரும் கேட்கவில்லை.

வகுப்பிலேயே முதலாக வந்தவள் நீ. பன்னிரண்டாவதாக வந்தவள் நான். எனக்கே ஒரு ஊர் கிடைத்திருக்கும்போது உனக்கு எப்படிப்பட்ட வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். குழந்தை லிம்பர்ட்டுக்கு முத்தம். எழுது.

உன் டெல்மிரா


ஓருரோ,
மார்ச் 6

என் டெல்மி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு பொறாமைப்பட்டேன். ஆடு தின்ற பசுமாட்டுக்காகவாவது உன்னைச் சுற்றி நாலு பேர் சிரித்திருப்பார்கள்.

எனக்குக் கிடைத்தது நிரந்தர வேலை இல்லை. நீண்ட விடுப்பில் போன ஒரு டீச்சருக்குப் பதில் ஆள். காலை ஷிஃப்ட், ஒன்றாம் வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள். மதியம் அதே கட்டடத்தில் வேறு பள்ளிக்கூடம் நடக்கிறது. வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வேலை எனக்கு. அதற்குள் இரண்டு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றால், வாசலில் பத்துப் பேர் சான்றிதழோடு காத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஃபௌஸ்தோ பிள்ளையையும் என்னையும் விட்டுவிட்டுக் கீழ்நாட்டுக்கு மரம் அறுக்கப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு வரி இல்லை. அவரைப் பற்றி நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி.

லிம்பர்ட்டை இதுவரை பக்கத்து அறைக்காரி பார்த்துக்கொண்டாள். அவள் இந்த மாதத்தோடு கோச்சபாம்பா போகிறாள். போன வியாழக்கிழமை அவளுக்கு உடம்பு சரியில்லை. வேறு வழியில்லாமல் அவனை ஒரு சோப்பு அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து என் மேஜைக்கு அடியில் தள்ளினேன். நல்ல பிள்ளையாக ஒன்பதரை வரை தூங்கினான். அப்புறம் அழுதான். அவன் அழ அழ பால் சுரந்து என் சட்டை முன்பக்கம் நனைந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் பார்த்தார்கள். தலைமையாசிரியையும் கதவருகே நின்று பார்த்தார். "இன்னொரு தடவை இப்படி வேணாம், டீச்சர்" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பாடம் நடத்தும்போது நான் நன்றாக இருக்கிறேன், டெல்மி. அது மட்டும்தான் எனக்கு வருகிறது. அதையும் பிடுங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஓட்டிலியா


வைலாகாசா,
மார்ச் 27

ஓட்டி,

உன் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமையே பதில் எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்கு நான் ஞானத்தாய் ஆகிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதே. ஊருக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தால் அவள் தலையில் முதலில் கட்டுவது இதைத்தான். லூகாஸ், கசிமிரா என்று ஒரு ஜோடி. அவர்களுடைய கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அதற்கு முதல் முடி எடுத்தார்கள். கத்தரிக்கோலில் ரிப்பன் கட்டி என் கையில் கொடுத்தார்கள். முதல் கற்றையை நான் வெட்டினேன். அதிலிருந்து கசிமிரா என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. அவளுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. பெற்றவளும் ஞானத்தாயும் அப்படி ஆகிவிட்டால் அதன்பிறகு ஒருத்தி கேட்டு இன்னொருத்தி இல்லை என்று சொல்லக் கூடாது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி சந்தேகப்படவும் கூடாது.

அவர்களுடைய மூத்த பெண் பசிலியா. பத்து வயது. இங்கே மூன்றாம் வகுப்புக்கு மேல் கிடையாது. நான்காம் வகுப்பு வேண்டுமென்றால் ஆறு மணி நேரம் நடந்து இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். அதனால் இவள் இரண்டாவது வருடமாக மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பாதி நாள் எனக்குப் பதிலாக ஒன்றாம் வகுப்பை மேய்ப்பது இவள்தான். கடல் தினத்தன்று, நம் நாட்டுக்குக் கடல் இருந்ததையும் போரில் அதைப் பறிகொடுத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தேன். இவள் எழுந்து, "கடல எடுத்துக்கிட்டுப் போனாங்களே டீச்சர், எதுல மொண்டுக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு யோசனை. மதிய ஷிஃப்டில் அங்கே நான்காம் வகுப்பு இருக்கும் அல்லவா? பசிலியா உன்னோடு இருக்கட்டும். காலையில் நீ வேலைக்குப் போகும்போது லிம்பர்ட்டை அவள் பார்த்துக்கொள்ளட்டும். நீ திரும்பி வந்ததும் அவள் பள்ளிக்கூடம் போகட்டும். வேலைக்காரியாக அனுப்பவில்லை, புரிகிறதா? உன் வீட்டில் ஒரு பிள்ளையாக.

கசிமிராவிடம் பேசிவிட்டேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"ஒங்க சிநேகிதியும் டீச்சரா, கொமாத்ரே?"

"ஆமா. எங்க வகுப்புலயே முதல்."

"அப்பச் சரி. டீச்சர் வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு புள்ள படிக்காமப் போயிருமா?"

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு லாரியில் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

டெல்மிரா


ஓருரோ,
ஏப்ரல் 17

டெல்மி,

நீ ஊருக்குத் திரும்பிப் போன பிறகு பசிலியா கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். லிம்பர்ட்டைத் தரையில் விட்டேன். அவன் குப்புறக் கிடந்தபடி அவளையே பார்த்தான். கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் வெளியே வந்து அவனை அவாயோத் துணியில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டாள். அவன் என் முதுகில் ஒரு நாளும் அப்படித் தூங்கியது கிடையாது.

முற்றத்துக் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடுகிறாள். "தண்ணிய யாரு உள்ள இருந்து தள்ளுறாங்க?" என்று கேட்டாள்.

நான்காம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். அவளுக்கு அது இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. அதற்குள் நான் பேசி உட்கார வைக்கப் பார்க்கிறேன்.

இந்த வாரம் ஒரு நாள்கூட நான் தாமதமாகப் போகவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஓட்டி


வைலாகாசா,
மே 8

ஓட்டி,

சான்று இதோ. இதை மடிக்காமல் வை. பசிலியா பிறந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. லூகாஸ் விதைக் கிழங்கு வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் நடந்து பதிவு அலுவலகம் போனான். அங்கே ஒரு நாள் காத்திருந்தான். மறுபடி இரண்டு நாள் நடந்து வந்தான். காகிதம் ஈரமாகாமல் இருக்கத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

உன் கடிதத்தைக் கசிமிராவுக்குப் படித்துக் காட்டினேன். கடைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தக் கொழாத் தண்ணி எடத்த இன்னொரு தடவ படிங்க, கொமாத்ரே" என்றாள். மூன்று தடவை படித்தேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சந்தை முடிந்து நேராக என் அறைக்கு வருகிறாள். புதுக் கடிதம் இல்லையென்றால் பழையதையே கேட்டுவிட்டுப் போகிறாள்.

பசிலியாவை இரண்டு வரி எழுதச் சொல். 'எ' எழுதும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள், பார்த்திருக்கிறாயா? இங்கே ஒன்றாம் வகுப்பை மேய்க்க ஆளில்லாமல் நான் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

டெல்மிரா


ஓருரோ,
ஜூன் 5

டெல்மி செல்லம்,

சான்று கிடைத்தது. கவலையே படாதே, எல்லாம் நல்லபடியாகப் போகிறது. பசிலியா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். ஸ்பானிஷ் நன்றாக வருகிறது. அவளுக்குக் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை இரண்டு பேரையும் சந்தைக்குக் கூட்டிப் போய்ச் சூடாக ஊதாச் சோளத்துக் கஞ்சி, ஆப்பி, வாங்கிக் கொடுத்தேன், உதட்டைச் சுற்றி ஊதாவாக்கிக்கொண்டாள்.

லிம்பர்ட் ஒரு வாரமாக இருமினான். உயிரே போய்விட்டது. பசிலியா இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. காலை பத்து மணி இடைவேளைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருவாள், நான் பால் கொடுத்து அனுப்புவேன். போன செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆசிரியர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அவன் கட்டிலிலிருந்து உருண்டிருக்கிறான், நல்ல வேளை இவள் தாவிப் பிடித்துவிட்டாள். மறுநாளும் வெயில் இறங்கும் வரைக்கும் அவனை முதுகிலிருந்து இறக்கவே இல்லை.

பாடம் அதிகம் என்பதால் அவளால் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள்.

என் பிள்ளைகளில் இருபது பேர் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் ஓட்டி


வைலாகாசா,
ஜூன் 26

ஓட்டிலியா,

உன் கடிதத்தைக் கசிமிராவுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டேன்.

காலை பத்து மணிக்கு அவள் குழந்தையோடு உன் பள்ளி வாசலில் நிற்கிறாள். சரி, அப்படித்தான் பேசினோம். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிறாள். புதன்கிழமை வெயில் இறங்கும் வரை வீட்டில் இருக்கிறாள். அப்படியானால் பசிலியாவுக்கு எந்த ஷிஃப்ட்?

எனக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம். காலுறை வேண்டாம், ஆப்பி வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜூலைக் குளிர்கால விடுமுறையில் நேரில் வந்து கேட்கலாம் என்றிருந்தேன். சாலையில் கல்லைப் போட்டு மறியல் செய்கிறார்கள். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வரும் முதல் லாரியில் இது போகும்.

டெல்மிரா


ஓருரோ,
ஜூலை 24

டெல்மிரா,

சேர்க்கவில்லை. போதுமா?

முதலில் சான்று இல்லை. சான்று வந்தபோது லிம்பர்ட்டுக்கு இருமல். இருமல் நின்றபோது மதியம் என்னை ஆசிரியர் கூட்டத்துக்கும் பயிற்சி வகுப்புக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதில் ஆளாக இருப்பவள் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? அடுத்த திங்கள், அடுத்த திங்கள் என்று நானும் உண்மையாகவே நினைத்தேன். ஒரு திங்கட்கிழமைக்குப் பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன்.

அவளைப் பட்டினி போடவில்லை. அடிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடுகளில் இப்படி வந்த பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வந்து பார். எனக்குத் துணி துவைக்கிறாள், சமைக்கிறாள், ஆமாம். நான் வரும்போது எனக்கு நிற்கத் தெம்பு இருப்பதில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குக் கத்திவிட்டு வீட்டில் இன்னொருத்திக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

முப்பத்தொன்பது பேர் படிக்கிறார்கள், டெல்மிரா. ஜூலை மாதத்திலேயே. செருப்புத் தைப்பவன் மகன், அப்பன் இல்லாத இரண்டு பெண்கள், பேசவே பேசாத ஒரு பிள்ளை, எல்லாரும். அவர்களைப் படிக்க வைத்தது நான். பசிலியா என் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்ததால்தான் என்னால் முடிந்தது. இதைக் கொண்டுபோய் எந்தக் கணக்கில் வைப்பேன்?

என்னை மட்டும் ஏன் கேட்கிறாய்? உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நான் அழுத மூன்றாவது வாரமே பசிலியாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். வேலைக்காரி என்ற வார்த்தையை நான் எழுதவில்லை. முதலில் எழுதியது நீ. இல்லை என்று சொல்வதற்காகவாவது எழுதினாய். உனக்குத் தெரியாமலா எழுதினாய்?

நவம்பர் வரை பொறு. கையெழுத்து விழுந்ததும் ஒரு ஆளை வைத்துக்கொள்வேன். பிப்ரவரியில் இவளை நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சேர்க்கிறேன். சத்தியமாக.

ஓட்டிலியா


வைலாகாசா,
ஆகஸ்ட் 14

ஓட்டிலியா,

நீ சொன்னது உண்மை. அந்த வார்த்தையை எழுதியபோது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. உனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது, நானும் ஒரு பிள்ளையைக் கரையேற்றியவள் என்று மூன்று மாங்காய் அடிக்கப் பார்த்தேன். முதல் வருடத்திலேயே எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது.

இன்னும் கேள். மறியல் முடிந்து உன் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை கசிமிரா வாசலிலேயே காத்திருந்தாள். அவள் எதிரிலேயே பிரித்தேன். படித்தேன். "சத்தமாப் படிங்க, கொமாத்ரே" என்றாள். உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் இல்லாததையெல்லாம் படித்தேன். பசிலியா நான்காம் வகுப்பில் கணக்கில் நன்றாக வருகிறாள். முன் வரிசையில் உட்காருகிறாள். டீச்சர் அவளைப் பாராட்டினார். ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன், ஓட்டிலியா. குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

கசிமிரா போய் ஒரு டஜன் முட்டையை வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்தாள். "பசிலியாவோட டீச்சருக்கு அனுப்பிருங்க. வெறுங்கையா எப்படி இருக்கிறது" என்றாள்.

அணிவகுப்பு பிரமாதமாக நடந்தது. பிள்ளைகள் ஒரு கால் தப்பாமல் நடந்தார்கள். ஊர்த்தலைவர் என் கழுத்தில் பூமாலை போட்டு, இப்படி ஒரு டீச்சர் இந்த ஊருக்கு வந்ததில்லை என்றார். அந்த மாலைக்காகத்தான் நான் அந்தப் பொய்யைப் படித்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு லாரியில் வருகிறேன். அவள் மூட்டையைக் கட்டி வை.

டெல்மிரா


ஓருரோ,
செப்டம்பர் 18

டெல்மிரா,

நீ என்னைத் திட்டுவாய் என்று ராப்பகலாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீ முற்றத்தில் வந்து நின்று, "பசிலியா, வீட்டுக்குப் போலாமா?" என்று அவளிடம் மட்டும் பேசினாய். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்கவில்லை.

அவள் உடனே ஓடி வருவாள் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் தொட்டியில் மிச்சமிருந்த அணையாடைகளை அலசிக் கொடியில் போட்டாள். பிறகு அவாயோவை அவிழ்த்து லிம்பர்ட்டை என்னிடம் நீட்டினாள். அவன் அவள் பின்னலை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தோம். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், நான் பார்த்தேன்.

அவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. முற்றத்துக் கதவைப் பார்த்து ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கிறான். நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. வேலை போகட்டும் என்றுதான் இருந்தேன். போகவில்லை. தலைமையாசிரியை எனக்காகப் பேசி வைத்திருக்கிறார். நவம்பருக்குக் காத்திராமல் இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமையே வந்து என் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நாற்பத்து மூன்று பேரும் படித்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

சான்று என் பெட்டியிலேயே இருந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். மடிக்கவில்லை.

அவள் சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுது.

ஓட்டிலியா


வைலாகாசா,
அக்டோபர் 2

ஓட்டிலியா,

சாப்பிடுகிறாள். கூட உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அடுப்பருகே நின்றுகொண்டிருக்கிறாள். கசிமிரா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. தம்பி தங்கைகளிடம் ஸ்பானிஷில் பேசிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் குறைக்கவில்லை. லூகாஸ் எழுந்து வெளியே போனான். கசிமிரா அடுப்புத் தீயை உள்ளே தள்ளினாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எனக்குப் படிச்சுக் காட்டுனீங்களே, அதெல்லாம் யாரு எழுதுனது?"

"யாரும் எழுதல. நானாச் சொன்னேன்."

"ஒங்க வாயாலயா?"

"ஆமா."

"முன் வரிசையில ஒக்காந்திருக்கான்னு சொன்னீங்களே. நான் ஊரெல்லாம் சொன்னேனே, டீச்சரம்மா."

டீச்சரம்மா என்றாள். கொமாத்ரே என்று இனிமேல் அவள் என்னைக் கூப்பிடப் போவதில்லை. நான் முடி வெட்டிய குழந்தையை என் பக்கத்திலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் வருவதில்லை. அடுத்த வாரம் இன்னும் நான்கு பேர். ஊரில் யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. வழியில் பார்த்தால் ஒதுங்கி வழி விடுகிறார்கள். கூட்டம் போட்டுத் துரத்திவிடுவார்கள் என்று இருந்தேன், அதையும் செய்யவில்லை. பள்ளிக்கூடம் என்றால் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற இடம் என்று அவர்களாகத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். நானும் நீயும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது.

உன்னை வெறுக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு நாம் எப்படிப்பட்ட டீச்சர்களாக இருப்போம் என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் நினைத்தால் அழுகை வருகிறது. இனி எனக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.

டெல்மிரா


வைலாகாசா,
நவம்பர் 6

ஓட்டிலியா,

எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். பசிலியாவுக்காக எழுதுகிறேன்.

அவள் ஆடு மேய்க்கிறாள். இத்தனை நாளாக என்னைப் பார்த்தால் வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். நேற்று சனிக்கிழமை, நானே மேட்டுக்கு ஏறிப் போனேன். பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஆடு ஒன்று விலகிப் போனது, கல்லெறிந்து திருப்பினாள். திரும்பி வந்து கேட்டாள்.

"லிம்பர்ட் நடக்குறானா, டீச்சர்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நான் வரும்போது சுவத்தப் புடிச்சு நின்னான். இப்ப நடந்திருப்பான். யாரு கையப் புடிச்சுக்கிறது?"

அவள் குச்சியால் மண்ணைக் கிளறினாள். கன்னத்தில் நீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஐந்து மாதம் அவள் அழுததற்கு நாம் பொறுப்பு என்றிருந்தேன். அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்ததற்கும் அவள் அழுகிறாள்.

நான் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவள் என்னை நம்பவில்லை, ஏன் நம்ப வேண்டும்? அதனால் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. ஒட்டி அனுப்பு. நான் பிரிக்க மாட்டேன். கசிமிராவின் கையில் கொடுப்பேன், அவள் பசிலியாவிடம் கொடுப்பாள்.

உண்மையை மட்டும் எழுது.

டெல்மிரா


ஓருரோ,
நவம்பர் 13

பசிலியாவுக்கு,

லிம்பர்ட் நடக்கிறான்.

போன புதன்கிழமை நடந்தான். நாலு அடி வைத்தான். விழுந்தான். அழவில்லை.

சுவரைப் பிடித்து நடக்கிறான். சில நேரம் என் பாவாடையைப் பிடிக்கிறான்.

அவனுக்கு ஆறு பல் இருக்கிறது.

நீ பாடும் பாட்டை நான் பாடினேன். அவன் கதவைப் பார்த்தான். இப்போது நான் அதைப் பாடுவதில்லை.

அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு வயதான அம்மா வருகிறார். உன்னைப் போல அவர் தூக்குவதில்லை.

இனி எழுதுவது என்னைப் பற்றி.

உன்னை நான் பள்ளிக்கு அனுப்பவில்லை. உன் மேல் தப்பு இல்லை. உன் அம்மா மேல் தப்பு இல்லை. தப்பு என் மேல்.

நான் தினமும் காலையில் பள்ளிக்குப் போனேன். நீ வாசலில் நின்றாய். "இன்னைக்கு நானும் வரலாமா?" என்று கேட்டாய். நான் "நாளைக்கு" என்று சொன்னேன்.

ஏப்ரலில் கேட்டாய். மே மாதம் கேட்டாய். ஜூன் மாதம் கேட்டாய்.

ஒரு நாள் நீ கேட்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாய். அது எந்த நாள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஓட்டிலியா